பத்து மணிக் கையெழுத்து

“ஒரே ஒரு கையெழுத்துய்யா. என்னமோ உன் வூட்டை எழுதி வாங்குற மாதிரி முழிக்கிற?” என்றபடி ரைட்டர் இளவரசன் தாளைத் திருப்பி வைத்தார். பேனா மூடியையும் அவரே கழற்றிக் கொடுத்தார்.

அங்கமுத்து பேனாவை வாங்கிக்கொண்டார். எழுதவில்லை. ஸ்டேஷன் கடிகாரத்தில் மணி பதினொன்று.

அன்றைக்கு அவர் போடவேண்டிய கையெழுத்தை ஒரு மணி நேரம் முன்பே போட்டாகிவிட்டது. அது தொண்ணூற்று நாலாவது. கொள்ளிடத்தில் மாட்டு வண்டியில் மணல் அள்ளியதற்காக இருபத்திரண்டு நாள் ஜெயிலில் இருந்துவிட்டு நிபந்தனை ஜாமீனில் வந்தவர் அவர். மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷன் நோட்டில் கையெழுத்திட வேண்டும். மறு உத்தரவு தானாக வரும் என்று முதல் மாதம் நினைத்திருந்தார். வக்கீல் மனுப் போட்டால்தான் வரும் என்பது இரண்டாவது மாதம் தெரிந்தது. வக்கீல் போடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பத்து மூன்று வயதுவரை கைநாட்டாக இருந்தவர் இந்த நோட்டுக்காகத் தன் பெயரை எழுதப் பழகிக்கொண்டார். எழுத்துகள் கோட்டில் நிற்காது. ஆனால் ஒன்றும் விட்டுப்போகாது.

ஒன்பது மணி பஸ்ஸில் வருவார். ஏலாக்குறிச்சியிலிருந்து வரும் ரிட்டயர்டு வாத்தியார் மரிய ஆல்பர்ட் அதே பஸ்ஸில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். தொலைந்துபோன பைக் ஆர்.சி. புத்தகத்துக்குப் போலீஸ் சான்று வாங்க, மூன்று வாரமாக அவரும் இதே ஸ்டேஷனுக்கு நடக்கிறார்.

அன்று காலையும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவர் சொன்னார்: “நம்ம நாட்டுல ஜெயில்ல போடுறது பத்தாது அங்கமுத்து. பாதிப் பேரை உள்ள தள்ளணும். அப்பதான் மிச்சப் பேரு ஒழுங்கா இருப்பான்.”

“இடம் பத்தாதுங்க சார். நான் இருந்த ரூம்புல பொரண்டு படுக்கணும்னா பக்கத்தாள எழுப்பிக் கேக்கணும்.”

“புதுசா கட்டணும்யா.”

“கட்டலாங்க. மணல் வேணுமே.”

வாத்தியார் சிரிக்கவில்லை. அங்கமுத்துவும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. வாத்தியார் சொல்வது முழுக்கத் தப்பு என்றும் அவருக்குப் படவில்லை. ஆறு பள்ளமாகிவிட்டது. கரையோரக் கிணறுகளில் தண்ணீர் இறங்கிவிட்டது. யாரையாவது உள்ளே வைக்கத்தான் வேண்டும். அவருடைய அறையில் பதினெட்டுப் பேர். யாருக்கும் இன்னும் தீர்ப்பு வரவில்லை. அதில் ஆறு பேர் மாட்டு வண்டிக்காரர்கள். லாரிக்காரர் ஒருவரும் இல்லை. லாரிக்காரர்களுக்கு முன்ஜாமீன் கிடைத்துவிடும் என்று அங்கே ஒருவன் சொன்னான்.

தினமும் வருகிற ஆள் என்பதால் ஸ்டேஷனில் அவருக்கு வேறு சில வேலைகளும் சேர்ந்துகொண்டன. செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். சாட்சிக் கையெழுத்தும் போட்டார். ஒரு பொருளைப் பறிமுதல் செய்தால், பக்கத்தில் நின்று பார்த்தோம் என்று இரண்டு பேர் மகஜரில் கையெழுத்திட வேண்டும். இதுவரை மூன்று மகஜர்களில் போட்டிருக்கிறார். நாற்பது பிராந்தி பாட்டில், ஒரு சீட்டுக்கட்டு, இரண்டு சண்டைச் சேவல். எதையும் அவர் பார்த்ததில்லை. சேவல்களின் சத்தத்தை மட்டும் கேட்டிருந்தார்.

இது நாலாவது மகஜர். ஒரு மாட்டு வண்டி, இரண்டு மாடு, கால் யூனிட் மணல். வண்டிக்காரன் பெயர் பிரேம்குமார். அங்கமுத்துவின் தங்கை இருசம்மாளின் ஒரே மகன். மேசைக்கு அந்தப் பக்கம் சட்டையில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தான்.

“நான் பாக்கலீங்களே சார்” என்றார் அங்கமுத்து.

“சேவலைப் பாத்தியா?”

“இல்லீங்க.”

“அப்பறம்?”

எஸ்.ஐ. சுமதி போனை வைத்துவிட்டுத் திரும்பினார். “என்னவாம் ரைட்டர்?”

“அவரு தங்கச்சி மவன் மேடம். யோசிக்கிறாரு.”

“ஒத்துழைக்கலைன்னு கோர்ட்டுக்கு ஒரு வரி எழுதினா உங்க ஜாமீன் போயிடும். தெரியுமில்ல?”

“தெரியுங்கம்மா.”

தரையிலிருந்து பிரேம்குமார் சொன்னான்: “போட்டுத் தொலைங்க மாமா. நீங்களும் உள்ள வந்துட்டா அம்மாவுக்குக் காச்ச மாத்திரை வாங்கிக் குடுக்கக்கூட ஆளு இல்ல.”

“நீ வாயை மூடுறா” என்றார் ரைட்டர்.

அங்கமுத்து தாளின் மேல் குனிந்தார். பேனா முனை தாளைத் தொட்டது. அப்போதுதான் கேட்டார்.

“இதுல எத்தனை மணின்னு போட்டிருக்கு சார்?”

“பத்தேகால். ஆத்தங்கரையில.”

வண்டி பிடிபட்டது விடிகாலை ஐந்தே முக்காலுக்கு. அப்போது எஸ்.ஐ. கோயில் பந்தோபஸ்தில் இருந்தார். அவர் முன்னிலையில் பிடித்ததாக இருக்க வேண்டும் என்பதால் மணி பத்தேகால் ஆகியிருந்தது.

அங்கமுத்து பேனாவை எடுத்துவிட்டார்.

“சார், பத்து மணிக்கு நான் இங்கல்ல கையெழுத்துப் போட்டேன்? ஆத்தங்கரை இங்கேருந்து ஒம்போது கிலோமீட்டருங்க. பத்தேகாலுக்கு நான் அங்க நின்னேன்னு எழுதினா, பத்து மணிக்கு இங்க வரலைன்னு ஆயிடுமே. ஜாமீன் போயிடுமே சார்.”

அவர் தந்திரமாகச் சொல்லவில்லை. பயந்துதான் சொன்னார். அந்த நோட்டைத் தவிர அவரை வெளியே வைத்திருப்பது வேறொன்றும் இல்லை.

ரைட்டர் நோட்டை எடுத்துப் பார்த்தார். அங்கமுத்துவின் பெயருக்கு எதிரே ரைட்டர் தன் கையாலேயே 10.00 என்று எழுதியிருந்தார். எஸ்.ஐ.யிடம் காட்டினார்.

“மகஜர்ல மணியை மாத்துங்க” என்றார் எஸ்.ஐ.

“எப்.ஐ.ஆர். கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு மேடம்.”

“அப்ப நோட்ல மாத்துங்க.”

“அடிச்சுத் திருத்தினா டி.எஸ்.பி. ஆபீஸ்ல கேப்பாங்க மேடம்.”

பிரேம்குமார் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எஸ்.ஐ. வாசல் பெஞ்சைப் பார்த்தார். “அங்க உக்காந்திருக்கிறது யாரு?”

மரிய ஆல்பர்ட் உள்ளே அழைக்கப்பட்டார். நாற்காலி போட்டார்கள். மகஜரை முழுவதும் படித்தார். சிவப்புப் பேனா இல்லாததால் நீலத்திலேயே இரண்டு பிழைகளைத் திருத்தினார். பிறகு கையெழுத்திட்டார். ஆர்.சி. புத்தகத்துக்கான சான்று பத்து நிமிடத்தில் கிடைத்தது.

வெளியே வேப்ப மரத்தடியில் அவர் அங்கமுத்துவிடம் கேட்டார். “உன் தங்கச்சி மவனாமே? முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டீங்களா சார்?”

வாத்தியார் யோசித்தார். “போட்டிருப்பேன். இருந்தாலும் சொல்லியிருக்கலாம்ல.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. பஸ் பத்து நிமிடம் தாமதமாக வந்தது. வாத்தியார் வரவில்லை, அவருக்கு ஸ்டேஷனில் வேலை முடிந்துவிட்டது. பிரேம்குமாரை முந்தின நாள் சாயங்காலமே பதினைந்து நாள் ரிமாண்டில் அனுப்பியிருந்தார்கள். ரைட்டர் நோட்டை எடுத்துக் கொடுத்தார். அங்கமுத்து கையெழுத்திட்டார். மாடுகள் இரண்டும் ஸ்டேஷன் பின்புறம் வண்டியோடு நின்றன. தினமும் வருகிறவர்தானே, அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று எஸ்.ஐ. சொல்லியிருந்தார். தண்ணீர் காட்டி, கொண்டுவந்த வைக்கோலைப் பிரித்துப் போட்டார். வக்கீலுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. பதினொன்று நாற்பது பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார். இருசம்மாள் நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள். மாடு நன்றாகத் தின்கிறது என்று அவளிடம் சொன்னார்.