நாக்கைத் தூக்கும் சாமான்

என் அண்ணன் வளைகுடா நாடொன்றில் பணக்காரர்களின் உல்லாசப் படகுகள் நிற்கும் துறையிலே வேலை செய்தவர். படகு கழுவுகிற வேலை. ஊருக்கு வந்து இறங்கியபோது படகுகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. வாவிக்கரையில் பிறந்து, நடக்கப் பழகுமுன் வலை இழுக்கப் பழகிய என் கணவருக்கே தோணி என்றால் என்னவென்று முதல் கிழமையிலேயே பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார். என் கணவர் நல்ல மாணவர். ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். உண்மையில் அவர் யாரிடமும் எதுவும் கேட்கிறவர் அல்ல. ஒரு நாளில் அவர் பேசுகிற சொற்களை ஒரு தந்தியில் அடக்கிவிடலாம். தபால் கந்தோரில் வேலை செய்தவள் என்பதால் இதை நான் உறுதியாகச் சொல்லலாம்.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பைபர் தோணியும் எஞ்சினும் வாங்கினார்கள். வாங்கிச் சிறிது நாளில் உத்தரவு வந்தது. மாலையில் எல்லாத் தோணிகளும் தண்ணீரை விட்டு வெளியே வந்து, இராணுவக் காவலரணுக்குப் பக்கத்தில் கரையில் கிடக்க வேண்டும். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். யுத்த காலத்தில் உத்தரவுகளுக்குக் காரணம் கேட்கிற பழக்கம் எங்களிடம் இருக்கவில்லை. தோணிகள் இரவில் தனியாக எங்கேயாவது போய்விடும் என்று பயந்திருக்கலாம்.

மற்றவர்கள் எட்டுப் பேராகக் கூடித் தோளில் தூக்கித் தோணிகளைக் கரையேற்றினார்கள். என் அண்ணனுக்கு அது காட்டுமிராண்டித்தனமாகப் பட்டது.

“ட்ரெயிலர் ஒண்டு செய்வம் மச்சான். அங்கயெல்லாம் ஒரு மனிசன் படகத் தூக்கிறதக் கண்டா சிரிப்பானுகள்.”

பழைய ஜீப் ஒன்றின் அச்சும் தண்ணீர்க் குழாய்களும் சேர்ந்து ட்ரெயிலராகின. இழுப்பதற்கு ஒரு வயல்காரர் தன் லேன்ட்மாஸ்டரை, இரண்டு சில்லு உழவு மெஷினை, மாலையில் கொஞ்ச நேரம் தருவார். தோணியைக் கரையேற்றியதும் ட்ரெயிலரைக் கழற்றிவிட்டு அவருடைய வாகனத்தைக் கொடுத்துவிட வேண்டும். இந்தக் கழற்றுகிற இடத்தில்தான் எங்கள் துன்பம் ஆரம்பித்தது.

தோணியின் பின்பக்கம் எஞ்சின் இருக்கும் என்ற கணக்கில் அண்ணன் ட்ரெயிலரைச் செய்வித்திருந்தார். எஞ்சினோடு அது தராசு போல நின்றது. எஞ்சினைக் கழற்றியதும் முழுப் பாரமும் முன்னுக்கு வந்து, லேன்ட்மாஸ்டரில் கொழுவுகிற அந்த முன்நீட்டில், ட்ரெயிலரின் நாக்கில், விழுந்தது. அதைத் தூக்கிக் கழற்ற இரண்டு ஆண்கள் மூச்சடக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் அண்ணன் மூச்சை விட்டுவிட்டார். நாக்கு என் கணவரின் கால் பெருவிரலில் இறங்கியது.

“ஆ” என்றார் கணவர். அன்றைய தந்தி அவ்வளவுதான்.

விரலுக்குக் கட்டுப்போட்டு வந்த மாலையே எங்கள் குசினியில் மாநாடு கூடியது. வாகனம் தூக்குகிற ஜக் மாதிரியே, ட்ரெயிலரின் நாக்கிலே நிரந்தரமாகப் பொருத்திவைக்கிற ஜக் ஒன்று இருக்கிறதாம். கைபிடியைச் சுற்றினால் கால் நீண்டு நிலத்தில் ஊன்றி நாக்கைத் தானே தூக்குமாம். அண்ணன் அங்கே நூற்றுக்கணக்கில் கழுவியிருக்கிறாராம்.

“சில்லு வைச்ச ஜக்தான் நல்லம். கையாலயே ட்ரெயிலரத் தள்ளிக்கொண்டு போகலாம்” என்றார் அண்ணன்.

“அங்க கொங்கிறீட்டு. இஞ்ச மணல். சில்லு புதைஞ்சிரும். தட்டு வைச்சது வேணும்” என்றார் கணவர்.

நான் அகப்பையைக் கீழே வைத்துவிட்டேன். கல்யாணப் பேச்சில்கூட அவர் இவ்வளவு பேசவில்லை.

“மச்சானுக்கு இதுகள் விளங்காது புள்ள” என்று அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார்.

கணவர் எழுந்து நொண்டிக்கொண்டு போய் ஒரு கம்பை வெட்டி வந்தார். நாக்கு நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டுமோ அந்த நீளம் கம்பு. நடுவில் கத்தியால் ஒரு வெட்டு. ஜக் சுருங்கினால் அந்த வெட்டுக்குக் கீழே நிற்க வேண்டும், நீண்டால் கம்பை மிஞ்ச வேண்டும். அதை அண்ணனின் கையில் கொடுத்தார். மட்டக்களப்பில் அப்படியொரு ஜக் கிடைக்காது என்பதால் அண்ணன் கொழும்புக்கு, பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளுக்குப் புறப்பட்டார்.

முதல் சோதனைச் சாவடியிலேயே கம்பு பிடிபட்டது. ஒரு மனிதன் ஏன் கம்போடு பஸ்ஸில் போகிறான், கம்பில் ஏன் வெட்டு இருக்கிறது? அண்ணன் தனக்குத் தெரிந்த அரபியையும் ஆங்கிலத்தையும் கலந்து விளக்கினார். விளக்கம் முடிந்தபோது கம்பைப் பறித்துக்கொண்டார்கள். அவரை விட்டது பெரிய காரியம். ஆகவே பஞ்சிகாவத்தையில் அவர் தன் முழங்காலையும் இடுப்பையும் அளவுகோலாக வைத்து ஜக்கைத் தெரிந்தெடுத்தார். அண்ணன் என் கணவரைவிட ஒரு சாண் உயரம். எங்கள் ட்ரெயிலரோ இரண்டு பேரையும்விடக் கட்டை.

திரும்பி வரும்போது கம்பைப் பறித்தவர்கள் சாக்கில் சுற்றியிருந்த இரும்புக் குழாயை எட்டியும் பார்க்கவில்லை.

சாக்கை அவிழ்த்தோம். உருட்சியான இரும்புக் குழாய், பக்கத்திலே கைபிடி, அடியிலே அழகான ஒரு சில்லு.

கணவர் சில்லைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

“தட்டு வைச்சது முடிஞ்சிட்டுதாம் மச்சான்” என்றார் அண்ணன்.

கணவர் சில்லைக் கழற்றி, உழவு மெஷினின் பழைய தட்டு ஒன்றை வெல்டிங் கடையில் கொடுத்து அந்த இடத்தில் ஒட்டுவித்தார். நீளம் கூடிய பிரச்சினைக்கு ஜக்கே வழி வைத்திருந்தது. நாக்கைக் கவ்வுகிற அதன் பிடியில் ஒரு பூட்டு ஊசி, பின், இருந்தது. அதை இழுத்தால் குழாய் முழுவதும் கிறுகி நாக்கோடு படுத்துவிடும். ஓடும்போது கால் நிலத்தில் இழுபடாது. இதற்காகத்தான் நீளமானதைத் தெரிந்தெடுத்தேன் என்று அண்ணன் அறிவித்தார். கேட்டுக்கொண்டோம்.

பொருத்துகிற வேலை ஒரு சனிக்கிழமை, கரையில், தோணி கிடந்த இடத்திலேயே நடந்தது. அண்ணன் நாக்கில் துளை போடவேண்டும் என்றார். துளை போட்டால் குழாய் பலமிழக்கும் என்று கணவர் தலையை ஆட்டி, யூ போல்ட்டுகளால் கவ்வி இறுக்கினார். முதலில் நாக்கின் நுனியில் பொருத்திப் பார்த்தார்கள். அன்று காலையிலேயே கேட்டு வாங்கிய லேன்ட்மாஸ்டர் வளைவில் திரும்பியபோது ஜக்கின் கைபிடி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவரின் நடுமுதுகில் குத்தியது. அதனால் வயல்காரரின் வாகனத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜக்கைக் கழற்றிப் பின்னுக்குத் தள்ளி, கைபிடியை மற்றப் பக்கம் திருப்பி மறுபடி இறுக்கினார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு சொல்லப்பட்டது. அந்த நேரம் நான் கந்தோரில் முத்திரை விற்றுக்கொண்டிருந்தேன்.

கடைசி நட்டை இறுக்கியதும் கணவர் பின்னை இழுத்துக் குழாயைப் படுக்கவைத்தார். அது மிக அழகாகப் படுத்தது. தன் வாயைக் காவலரணுக்கு நேரே நீட்டிக்கொண்டு படுத்தது. காவலரணிலிருந்து பார்த்தால், ஒரு பீரங்கிக் குழாய்க்குப் பின்னால் ஒரு மனிதர் முழங்காலில் நின்று ஒரு கைபிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பக்கத்துத் தோணிக்காரர் ஒருவர் மூச்சிரைக்கக் கந்தோருக்கு ஓடிவந்தார்.

“அக்கா, கெதியா வாங்க. ரெண்டு பேரையும் முட்டுக்கால்ல வைச்சிரிக்கானுகள்.”

குருநாகல் பக்கம் சில வருடம் வேலை செய்த எனக்குச் சிங்களம் தெரியும். கரைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று எனக்கு இன்றைக்கும் நினைவில்லை. என் கணவரும் அண்ணனும் கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டி மணலில் முழங்காலில் நின்றதும், அண்ணன் அப்போதும் ஏதோ விளக்க முயன்றுகொண்டிருந்ததும் நினைவிருக்கிறது. நான்கு துவக்குகள் அந்த ஜக்கைக் குறிபார்த்தபடி இருந்தன. ஜக் அசையவில்லை.

இளம் அதிகாரி ஒருவர் நின்றார். “மொகத மே?” என்று என்னிடம் கேட்டார். இது என்ன?

ஜக் என்றேன். வாகனம் எங்கே என்றார். வாகனத்துக்கு இல்லை, ட்ரெயிலருக்கு என்றேன். ட்ரெயிலரில் எதைத் தூக்க? அந்த முன்நீட்டுக்குச் சிங்களத்தில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. தமிழை அப்படியே சிங்களமாக்கி, “ட்ரெயிலரின் திவ, நாக்கு, அதைத் தூக்க” என்றேன். சிப்பாய் ஒருவர் தன் நாக்கை நீட்டி விரலால் தூக்கிக் காட்டினார். இன்னொருவர் சிரித்துவிட்டார்.

“செய்து காட்டச் சொல்லுங்க” என்றார் அதிகாரி.

கணவர் எழுந்தார். குழாயை நிமிர்த்திப் பின்னைப் போட்டுக் கைபிடியைச் சுற்றினார். தட்டு மணலில் ஊன்றியது, புதையவில்லை. தோணியும் ட்ரெயிலரும் மெதுவாக முன்பக்கம் எழுந்தன. அதிகாரி குனிந்து பார்த்தார். தானே கைபிடியை வாங்கி இறக்கினார். மறுபடி ஏற்றினார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். பழைய இரும்பைக் கண்டால் என் அண்ணனின் முகமும் அப்படித்தான் ஆகிவிடும்.

“நல்ல சாமான்” என்றார். “எங்களுக்கு ரெண்டு நாளைக்கு வேணும்.”

ட்ரெயிலர்போலக் கொழுவி இழுக்கிற அவர்களுடைய தண்ணீர்த் தாங்கியின், பவுசரின், முன்கால் உடைந்து, கல்லும் மரப்பெட்டியும் முட்டுக்கொடுத்து நிற்கிறதாம். கடன் கேட்கிற மரியாதையோடுதான் கேட்டார். துவக்கோடு நிற்கிறவர் கடன் கேட்டால் கொடுக்காமல் விடுகிறவர்கள் அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் யாரும் இருக்கவில்லை.

அத்தோடு முடியவில்லை. பூட்டித் தரவும் வேண்டும். கணவர் காலையில் இறுக்கிய நட்டுகளை எல்லாம் கழற்றி, பவுசரின் நாக்கில் பொருத்தினார். எங்கள் ட்ரெயிலருக்குச் செய்ததைவிட ஒழுங்காகச் செய்தார். கிறீஸ்கூடப் பூசினார். வேலைக்கு ஒத்தாசையாக ஒரு சிப்பாயை விட்டிருந்தார்கள். அவர் ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் செருப்பும் போட்டு நொண்டிக்கொண்டு வந்தார். செருப்புக் காலின் பெருவிரலில் துணிக்கட்டு.

கணவர் அந்த விரலைப் பார்த்தார். பிறகு தன் கட்டுப்போட்ட விரலை முன்னுக்கு நீட்டி, பவுசரின் நாக்கைக் காட்டினார். சிப்பாய் “ஓவ், ஓவ்” என்று தலையாட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர் பிடிக்க ஒருவர் இறுக்கினார்கள். மொழிபெயர்க்க வந்த நான் மரநிழலில் சும்மா நின்றேன். கொஞ்சம் முன்னர் இதே மனிதர் மணலில் முழங்காலில் நின்றதை மறக்க முயன்றேன். முடியவில்லை. அவருக்கு எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அந்த ரெண்டு நாள் ஒரு மாதத்துக்கு மேல் நீண்டது. அதுவரை நாக்கை இரண்டு மச்சான்மாரும் பழையபடி மூச்சடக்கித் தூக்கினார்கள். ஜக் இனி வராது என்று அண்ணன் தினமும் எங்களுக்கு ஆறுதல் சொன்னார்.

வந்தது. பவுசருக்கு உரிய கால் கொழும்பிலிருந்து வந்துவிட்டதாம். நொண்டின சிப்பாயே ஜக்கைக் கரைக்குக் கொண்டுவந்தார். இப்போது இரண்டு காலிலும் சப்பாத்து. மன்னிப்புக் கேட்பது போல, சும்மா தர மனமில்லாமல், அதற்குப் பெயின்ட் அடித்திருப்பதாக என்னிடம் சொன்னார். இரண்டு பூச்சு. பளபளக்கிற இராணுவப் பச்சை.

மிகவும் அழகாக இருக்கிறது என்று சிங்களத்தில் நன்றி சொன்னேன். அவர் போனதும் மூன்று பேரும் ஜக்கைச் சுற்றி நின்றோம், கண்ணிவெடியைச் சுற்றி நிற்பதுபோல.

“இத ட்ரெயிலர்ல பூட்டிக்கொண்டு அடுத்த சென்ட்ரிக்குப் போனா ஆமிச் சாமான் எப்பிடி வந்த எண்டு கேப்பானுகள்” என்றார் அண்ணன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சொன்னது சரி. அந்தப் பச்சையை மற்றப் பக்கத்தார் கண்டால் என்ன கேட்பார்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பச்சையைச் சுரண்டினார்கள். சிப்பாய் மனம்வைத்து அடித்த பெயின்ட், இலேசில் உரியவில்லை. சுரண்டின இரும்பை உப்புத் தண்ணீரில் அப்படியே விடவும் முடியாது. வேறு நிறம் அடிக்க வேண்டும். என்ன நிறம்? சிவப்பும் மஞ்சளும் மற்றப் பக்கத்தாரின் கொடி, வாயாலும் சொல்லக்கூடாது. நீலம் கடற்படை. வெள்ளை அடித்தால் நிவாரணக்காரர்களின் பொருளைத் திருடினோம் என்று வரும். கறுப்பு அடித்தால் மறுபடி பீரங்கி. யுத்தம் நிறப் பெட்டியில் எங்களுக்கு விட்டுவைத்தது எதுவென்று தேடி, கடைசியில் என் அலுமாரிக்கு அடித்து மிஞ்சியிருந்த ரோஸ் பெயின்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். யாரும் சந்தேகப்படாத நிறம். மரியாதையும் தராத நிறம்.

மறுநாள் மாலை ஜக் தன் சொந்த ட்ரெயிலரில் ஏறியது. கரையில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். அண்ணன் அவர்களுக்கு வளைகுடா நாட்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“சுத்திப் பாரு” என்றார்.

ஒரு கையால் சுற்றினேன். எட்டுப் பேர் தூக்குகிற பாரம் என் கைக்குப் பணிந்து சத்தமில்லாமல் எழுந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை இந்த இரண்டு பேருக்கும் காட்டக்கூடாது என்று முகத்தைத் திருப்பினால், எதிரே அந்தச் சிப்பாய் நின்றார்.

அவர் ரோஸ் ஜக்கைப் பார்த்தார். தன் பச்சையைத் தேடினார். பிறகு என்னைப் பார்த்து, “ஏன் நோனா?” என்று மெதுவாகக் கேட்டார்.

உண்மையைச் சொல்லச் சிங்களத்தில் என்னிடம் சொற்கள் இருந்தன. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

“என் கணவருக்கு இந்த நிறம் என்றால் உயிர்” என்றேன்.

சிப்பாய் கணவரின் பக்கம் திரும்பினார். ஒரு சொல்லும் விளங்காத என் கணவர், பல்லெல்லாம் தெரியச் சிரித்து, ஓம் ஓம் என்று தலையை ஆட்டினார்.

“லஸ்ஸனய்” என்றார் சிப்பாய், மரியாதைக்கு. வடிவாயிருக்கு.