மாடிக்கு ஒரு ஸ்டூல்

"ம்மா, நீ கடையில வேல பாத்தவதானே, ஒனக்குப் புடிக்கும் பாரு" என்று என் பெண் டிவியில் ஒரு சீரியலைப் போட்டுவிட்டுப் போனாள். சீமையில் ஏதோ ஒரு ஊர், மோட்டார் கார் புதிதாக வந்த காலம். கோட்டும் மீசையுமாக ஒருவர் வந்து, உலகத்துச் சாமானையெல்லாம் ஒரே இடத்தில் விற்கிறேன் பார் என்று பெரிய கடை கட்டுகிறார்.

இரண்டு பகுதி முடிவதற்குள் நாலு தரம் எழுந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை, இருந்தாலும் போய்ப் பார்த்தேன். கொடியில் துணி காயவில்லை, தொட்டுப் பார்த்தேன். முதலாளி என்னவோ நன்றாகத்தான் பேசுகிறார். என் கண்தான் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற பெண்களின் காலைத் தேடுகிறது. காட்டினால்தானே!

எங்கள் கடை நேரு வீதியில் மூன்று மாடி. நுழைந்ததும் புதுத்துணிக் கஞ்சி வாசனையும் சென்ட் வாசனையும் சேர்ந்து அடிக்கும். இன்றைக்கும் புதுப்புடவையைப் பிரித்தால் எனக்குக் குதிகால் வலிக்கிறது, சிரிக்காதீர்கள். முதலாளி உப்பளம் தெருக்களில் சைக்கிளில் ரிப்பன் விற்று மேலே வந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன ஊர், பிரான்சு பென்சன் வாங்கும் வீட்டு அம்மாக்கள் வந்தால் வாசலுக்கே போய் "போன்ழூர் மதாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்வார். கடை திறந்தது முதல் சாத்தும்வரை உட்காரமாட்டார். அதுதான் வம்பு. "நானே நிக்கிறேன், ஒங்களுக்கு இன்னாம்மா?" என்றால் என்ன பதில் சொல்வது? மாடிக்கு ஒரே ஒரு ஸ்டூல், அதுவும் பில் எழுதுகிறவளுக்கு.

நாங்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? விற்காத சரக்கைக் கீழ்த்தட்டில் அடுக்கிவிடுவோம். ஒருத்திக்குக் கால் விட்டுப்போனால் இன்னொருத்தி, "கீழ்த்தட்டுல பச்சை பார்டர் இருக்கா பாருடி" என்பாள். தேடுகிற சாக்கில் இரண்டு நிமிஷம் குந்திக்கொள்ளலாம். பச்சை பார்டர் என்று ஒரு புடவையே கிடையாது.

மெஹருதான் என் ஜோடி. என் வயதுதான், கோட்டக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளுக்கு ஆறாவது மாதம் என்பது கடையில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். யூனிபார்ம் கோட்டுக்குள் மறைத்திருந்தாள். தெரிந்தால் முதலாளி, "வூட்ல ரெஸ்ட் எடும்மா" என்று அன்பாகவே அனுப்பிவிடுவார். அப்படிப் போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டதில்லை. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. முன்னால் ஒரு பிள்ளை வேறு கலைந்திருந்தது. அதனால் நாள் முழுக்க அவளையே கீழ்த்தட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் பில் எழுதுகிற பெண் கல்யாணமாகிப் போனாள். முதலாளி மேலே வந்து எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ரெண்டு பேர் கையெழுத்தும் நல்லாருக்கு. யார் ஒக்கார்றீங்க, நீங்களே சொல்லுங்க."

மெஹரு என்னைப் பார்த்தாள். அவளாகக் கேட்டால் சந்தேகம் வரும். "மெஹரு ஒக்காரட்டும் சார்" என்று நான்தான் சொல்லியிருக்கவேண்டும். மூன்றே வார்த்தை. என் வாயில் வந்தது, "நான் ஒக்கார்றேன் சார்."

மில் மூடி அப்பா வீட்டோடு இருந்தார், பில் எழுதினால் மதிப்பு என்றெல்லாம் காரணம் சொல்லலாம். சும்மா. எனக்கு உட்கார ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

மெஹரு கவுண்டருக்குத் திரும்பிப் போய் அடுத்த புடவையைப் பிரித்தாள். என் இடத்துக்கு வந்த புதுப்பெண்ணுக்கு விஷயம் தெரியாது, மெஹருவைக் கீழ்த்தட்டுக்கு அனுப்ப ஆளில்லை. பத்தாம் நாள் மத்தியானம், புடவையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தபடியே சரிந்தாள். ஆட்டோவில் ஏற்றும்போது, "மொதலாளிகிட்ட வெறும் மயக்கம்னு சொல்லுடி" என்றாள். அதையாவது சொன்னேன்.

பிள்ளை தங்கவில்லை. ஒரு மாதம் கழித்து வந்து பழைய இடத்திலேயே நின்றாள். நான் எழுந்து ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினேன்.

"இப்ப எனக்கு எதுக்குடி?" என்றாள்.

அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டாள். முதலாளியும் போய்ச் சேர்ந்தார். மகன்கள் கடையை விற்று, அங்கே இப்போது செல்போன் ஷோரூம். மெஹருவை நிறைய தேடினேன்.

இல்லை, பொய். அவள் தெருமுனைவரை மூன்று தரம் போய்த் திரும்பியிருக்கிறேன், கதவைத் தட்டியதில்லை. போன மாதம் போனபோது வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். அப்போதுதான் தைரியம் வந்து பக்கத்து வீட்டில் கேட்டேன். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.