பதினேழாவது ஆளின் துண்டு

இருபத்துநான்கு பேர் ஆடிய வட்டத்தில் பச்சமுத்து பதினேழாவது ஆள். 1926 மாசியில், பனமரத்துப்பட்டி ஏரிக்குக் கீழே இருந்த ஒரு சிற்றூரில், மாரியம்மன் கோயில் முன்னால் அந்த ஒயில் கும்மி வட்டம் முதன்முதலாகக் கூடியது. அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. குத்தகைக் காட்டில் ராகியும் கடலையும் போட்டுக்கொண்டிருந்தார். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. பெற்றவர்கள் இருவரையும் எட்டு வருஷத்துக்கு முன்னால் வந்த விஷக்காய்ச்சல் ஒரே வாரத்தில் கொண்டுபோயிருந்தது. சந்தைக்குப் போனாலும் தனியாகப் போய்த் தனியாகத் திரும்புகிற மனிதர். வட்டத்தில் நின்றால் மட்டும் அவருக்கு இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். அதற்காகத்தான் ஆட வந்தார் என்று சொன்னால் அது பெரிய தப்பாகாது.

ஆட்டம் கேட்பதற்கு எளிது. வாத்தியார் தீர்த்தகிரி ஒரு வரி பாடுவார், வட்டம் அதைத் திருப்பிப் பாடிக்கொண்டே சுற்றும். காலில் சலங்கை, வலது கையில் சிவப்புத் துண்டு. அடி மாறும்போது இருபத்துநான்கு துண்டும் ஒரே வீச்சில் மேலே போய் இறங்க வேண்டும்.

வாத்தியார் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஆள் வராவிட்டால் அவன் இடத்தை மூடக் கூடாது. வரமுடியாதவன் தன் துண்டை வலப்பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, எப்போது வருவான் என்றும் சொல்ல வேண்டியதில்லை. வலப்பக்கத்து ஆள் இரண்டு கையிலும் துண்டு பிடித்து ஆடுவார். நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு விட்ட காலியிடம், வட்டத்தோடு சேர்ந்து தானும் சுற்றிவரும். "எடம் இருக்குதா?" என்று கேட்டு அனுப்புவது வட்டத்தையே நம்பாத பேச்சு. யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பச்சமுத்துவுக்கு வலப்பக்கம் நின்றவர் சென்றாயன். நாலு வயது இளையவர், வாயாடி. உறவு ரொம்பத் தூரம், ஆனாலும் 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்.

வட்டம் தொடங்கி மூன்றாம் வருஷம் பச்சமுத்துவுக்குக் கல்யாணம் ஆனது. 1931 ஐப்பசியில் அவர் மனைவி அத்தாயி பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தையும் தங்கவில்லை. துண்டைக் கொண்டுபோய்ச் சென்றாயன் கையில் கொடுத்துவிட்டு வந்த பச்சமுத்து, மூன்று மாதம் காட்டை விட்டு எங்கும் போகவில்லை. தை மாதம் ஒருநாள் சாயங்காலம் கால் தானாகக் கோயில் பக்கம் போனது. ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. சென்றாயன் இரண்டு கையிலும் துண்டு வீசிக்கொண்டு வர, பக்கத்தில் அந்தக் காலியிடம் வந்தது. பச்சமுத்து சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே புகுந்தார். பாட்டு நிற்கவில்லை. துண்டு கைமாறியது.

"வாங்க மாமா. ரெண்டு துண்டு வீசியே எந்தோள்பட்டை எறங்கிப்போச்சு. இன்னும் ஒரு வாரம் போயிருந்தா நானுமில்ல லீவு போட்டிருப்பேன்!"

பச்சமுத்து மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

வட்டம் ஊரைவிட்டு வெளியே போனது அதற்கு அடுத்த வருஷம். மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். கூலிக்காரர் குடியிருப்பில் ஏதோ பண்டிகைக்கு ஆடக் கூப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம். ஆனால் உட்கார இடம் இருந்தது ஒரு பக்கத்துச் சரிவில் மட்டும்தான். சரிவுக்கு முதுகு காட்டி வந்தவர்களைப் பார்த்துக் கூட்டம் கத்தியது.

"அடேய், முதுகப் பாக்கவா வந்தோம்? திரும்புங்கடா!"

தீர்த்தகிரி திரும்பவில்லை. திரும்பியவர் சென்றாயன். மறுநாளே, வாத்தியார் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வட்டத்தைப் பிரித்து லாடம்போல நிறுத்தினார். கூட்டத்தின் பக்கம் திறந்த அந்த வாய் அப்புறம் மூடவே இல்லை.

லாடத்தில் பதினெட்டுப் பேருக்குத்தான் இடம். 1935இல் வாத்தியார் காலமான பிறகு பொறுப்பு சென்றாயன் கைக்கு வந்தது. ஆத்தூர் சந்தையில் ஆட்டம், வாழப்பாடியில் ஆட்டம். ஆர்மோனியம் வந்தது. ஒரே நிறத்தில் ஜிப்பா வந்தது. பெயர்ப்பலகையில் 'கம்பெனி' என்ற சொல் ஏறியது. லாடம் இரண்டு வரிசையாக நிமிர்ந்தபோது பன்னிரண்டு பேர். 1938இல் சேலத்தில் தகரக் கொட்டகை போட்ட நாடக மேடையில் மின்விளக்குக்குக் கீழே ஏறியபோது எட்டுப் பேர். கழிக்கப்பட்டவர்கள் திரும்ப ஏர் பிடிக்கப் போனார்கள். பச்சமுத்துவைக் கழிக்க முடியவில்லை. அவர் கால் தப்பி யாரும் பார்த்ததில்லை. முன்வரிசையில் மூன்றாவது ஆள். வலப்பக்கம் அப்போதும் சென்றாயன்தான்.

1940 வைகாசியில் பச்சமுத்துவின் இடது கணுக்காலில் கொப்புளம் கிளம்பியது. நரம்புச் சிலந்தி. படிக்கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற ஊர்களில் அது தெரிந்த நோய்தான். கொப்புளம் உடைந்து நூல்போல ஒரு புழு தலை நீட்டும். அதைத் தீக்குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக வெளியே இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுத்துவிட்டால் கால் வீங்கிப் புரையோடிவிடும். அவர் கொட்டகைக்குப் பின்னால் சென்றாயனிடம் துண்டை நீட்டினார். சென்றாயன் ஒரு நிமிஷம் துண்டைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார்.

"ஒடம்பப் பாத்துக்குங்க மாமா."

"ஆவட்டும் மாப்ளே."

அவ்வளவுதான் பேச்சு.

ஊருக்குத் திரும்பிய பத்தாவது நாள் புழு அறுந்துவிட்டது. கால் பானைபோல வீங்கியது. ஒரு மாதத்தில் முடிய வேண்டியது ஐந்து மாதம் இழுத்தது. பக்கத்து வீட்டு மாரக்காள் தினமும் கூழ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். ஆவணியில் அவள் மகன் சேலத்துக்குப் பருத்தி வண்டி ஓட்டிப் போனான்.

"கம்பெனிக்காரங்களுக்கு ஏதாச்சும் சொல்லி உடட்டுங்களா?" என்று மாரக்காள் கேட்டாள்.

"என்னத்தச் சொல்றது? துண்டு அங்கதான இருக்குது."

அப்படிச் சொல்லிவிட்டுப் படுத்திருந்தார். சாயங்காலம் கொட்டகையில் ஆட்டம் தொடங்குகிற நேரத்துக்கு, கட்டிலில் கிடந்தபடியே வலது காலால் அடி போடுவார். ஒற்றைக்கால் சத்தம் வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பிவரும். எதிரே வரி பாட ஆளில்லை என்பதால் அதையும் அவரே பாடிக்கொண்டார்.

ஐப்பசி முடிகிற வாரத்தில் கோலில்லாமல் நடக்க முடிந்தது. சேலத்துக்குப் போனார். ஆட்டம் தொடங்கும் நேரமாகிவிட்டதால் பின்பக்கம் போகாமல் கூட்டத்தோடு கூட்டமாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். பதினாலு வருஷம் ஆடியவர் அந்த ஆட்டத்தை வெளியே உட்கார்ந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. உள்ளே நின்றால் பக்கத்து ஆளின் தோளும் துண்டின் நுனியும் தெரியும், அவ்வளவே. படுதா ஏறியது. எட்டுத் துண்டு ஒன்றாக எழும்பின. இவ்வளவு அழகா இது என்று பச்சமுத்துவுக்குத் தோன்றியது.

ஆடுகிறவர்களும் எட்டுப் பேர் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. திரும்ப எண்ணினார். முன்வரிசையில் மூன்றாவதாக வாழப்பாடிக்காரர் ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். பெயர் மாரி என்று பின்னால் தெரிந்தது. நன்றாகவே ஆடினார். சென்றாயன் கையில் ஒரு துண்டு மட்டும் இருந்தது. வரிசையில் எங்கும் காலியிடம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் கை தட்டியபடி பச்சமுத்துவின் முழங்காலை இடித்து, "என்னமா ஆடறாங்க பாத்தீங்களா!" என்றார். பச்சமுத்து தலையை ஆட்டினார்.

ஆட்டம் முடிந்து பின்பக்கம் போனபோது சென்றாயன் சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"ஏனுங்க மாமா, எப்ப வந்தீங்க? காலு எப்படி இருக்குது?"

"காலு இருக்குது. எடந்தான் காணோம்."

சென்றாயன் அவிழ்த்த சலங்கையைத் துணியில் சுற்றினார்.

"ரெண்டு மாசம் உட்டுத்தான் வெச்சிருந்தேன் மாமா. பல்லு உழுந்த வாயாட்டம் இருக்குதுன்னு கூட்டத்துல சிரிக்கறாங்க. கொட்டாய்க்காரரு ஒத்துக்க மாட்டேங்கறாரு. நீங்க ஒரு கடுதாசி போட்டிருந்தா, வாரேன்னு ஒரு வார்த்த சொல்லி உட்டிருந்தா, நானும் இன்னும் ஒரு மாசம் சமாளிச்சிருப்பேன்."

"துண்டு குடுத்தன்ல மாப்ளே?"

"குடுத்தீங்க." சென்றாயன் தலையைத் தூக்கவில்லை. "அதெல்லாம் வட்டத்துல மாமா. இங்க வட்டம் எங்க இருக்குது?"

சென்றாயன் தகரப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினார். துவைத்து நாலாக மடித்து வைத்திருந்தது. பெட்டியில், கழிக்கப்பட்ட வேறு யாருடைய துண்டும் இல்லை என்பதைப் பச்சமுத்து கவனித்தார்.

"மாரிக்குக் குடும்பம் இருக்குது மாமா. போன்னு சொல்ல வாய் வரலீங்க."

"அவர எதுக்குப் போகச் சொல்ற? நல்லாத்தான் ஆடறாரு. மூணாம் அடியில மட்டும் கொஞ்சம் முந்தறாரு."

"சொல்லிப் பாத்தாச்சு. கேக்கறாரா!" சென்றாயன் சிரித்தார். பிறகு குரலை இறக்கிக் கேட்டார். "படுதா இழுக்கற ஆளு பட்டாளத்துல சேந்துட்டான். அடி எப்ப முடியும்னு தெரிஞ்ச ஆளு வேணும். நீங்க இருக்கீங்களா?"

படுதா இழுக்கிறவருக்கு மேடையோரம் ஒரு முழ அகல இடம். ஒரு பக்கம் தட்டி, மறுபக்கம் கயிறு. அங்கிருந்து பார்த்தால் முன்வரிசையில் முதல் ஆளின் முதுகு மட்டும் தெரியும். பச்சமுத்து அந்த இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கூழ்ச்சட்டியும் கட்டிலும் இருந்த வீட்டை நினைத்தார்.

"கயித்துக்குக் கொஞ்சம் எண்ணெ போடணும். கிறீச்சுங்குது" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அவர்தான் படுதாவை ஏற்றினார். இழுக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். கார்த்திகை முதல் வாரம் கம்பெனி சேலத்தில் ரயிலேறி ஈரோட்டுக்குப் போனது. பச்சமுத்துவும் போனார்.