சுற்றிக்கொண்டே இருந்த வண்டி

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி கட்டும் பட்டறையில், வண்டியோடு கொடுக்கும் கையேட்டைக் கணினியில் பக்கம் பக்கமாக வடிவமைப்பது என் வேலை.

அன்று காலை ராஜஸ்தானுக்குக் கிளம்பும் புது வண்டிக்குப் பூசை. எலுமிச்சை மேல் ஏறி இறங்கி, வண்டி என்னைக் கடந்தது. திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தேன். துளையிடும் ராடைக் கழற்றும் முறை உள்ள தாளைக் கையேட்டிலிருந்து கிழித்து, உள்ளே தகரத்தில் ஒட்டியிருந்தார்கள். ‘முதலில் காற்று வால்வை மூடவும்’ என்ற எச்சரிக்கை இடம் போதாமல் அந்தத் தாளின் பின்பக்கம் போயிருந்தது. மூடாமல் கழற்றினால், உள்ளே அழுத்தத்தில் இருக்கும் காற்றில் ராடு எகிறி ஆளையே அடித்துவிடும்.

“அண்ணா, நிறுத்துங்க! அந்தத் தாளுக்குப் பின்னாடி ஒரு எச்சரிக்கை இருக்குது!”

அந்தத் தாளை ஒட்டியிருந்த, துளை போடும் டிரில்லர் வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். “பூசை போட்டுக் கிளம்புன வண்டிய நிறுத்தக் கூடாதுங்க அம்மிணி. நீங்க பிரிண்ட் போட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் இங்கயே சுத்திக்கிட்டு இருக்கறமுங்க.”

உள்ளே ஓடிப் படத்தைச் சுருக்கி, எச்சரிக்கையை மேலே இழுத்தேன். ஜன்னலுக்கு வெளியே, வெயில் ஏறிய புழுதிக்குள் மாலை போட்ட வண்டி மெல்ல வந்தது, மறைந்தது, மறுபடி வந்தது. நான் மவுஸை நகர்த்தும் போக்கில்தான் அது நகர்கிறதோ என்றிருந்தது.

வண்டியோடு கூடவே ஓடிப் புதுத் தாளை நீட்டினேன். டிரில்லர் அதைப் பழையதன் மேலேயே ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டார்.

“போயிட்டு வாரமுங்க அம்மிணி.”

வண்டி வாசலைப் பார்த்துத் திரும்பியது.

இப்போதெல்லாம் எந்தத் தாளுக்கும் பின்பக்கமே கிடையாது என்று நினைத்துத்தான் வடிவமைக்கிறேன். முடித்துத் தலை நிமிரும்வரை, ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி எனக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.