கோகிலாவின் தலையை வாரிய அன்னம்மாக்கா

அன்னம்மா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது கெம்போங் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது. நாடு சுதந்திரமடைந்த மெர்டேக்காவுக்கு இரண்டு வருடம் முந்தி. காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், குழாயடியில் குந்தியிருந்தேன். சின்னப்பா மாமா சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்.

“புதுசா ஒரு பைபிள் அம்மா வந்திருக்காங்க மல்லிகா. பேரு அன்னம்மா. வீடு வீடா வந்து ஜெபம் பண்ணுவாங்களாம். நம்ம பொம்பளைங்ககிட்ட ரெண்டு மாசம் தாங்கினா பெரிசு.”

சின்னப்பா மாமா என் மாமியாரின் சித்தி மகளைக் கட்டியவர். எங்கள் சபைக் கோயில் வேலையெல்லாம் அவர்தான். கூட்டுவார், மணி அடிப்பார், யாராவது இறந்துபோனால் நூல் பிடித்து அளவெடுத்துப் பெட்டிக்குச் சொல்லிவிடுவார்.

“என் வீட்டுக்கு வந்தா நான் ஊர்ல இல்லேன்னு சொல்லிடுங்க மாமா” என்றேன். ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருடம்கூட ஆகாத பெண் பேசிய பேச்சு அது.

மறுவாரமே அவர் வந்தார். நான் கொடியில் காயப்போட்ட சாரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வந்தவர் முற்றத்தில் குடையை மடக்கிவிட்டு, “சாரம் காத்துல ஆடுது, கால் மட்டும் ஆடலையே தங்கச்சி” என்றார். வெளியே வராமல் என்ன செய்வது?

முப்பது வயதிருக்கும். கல்யாணம் ஆகாதவர். ஒல்லி. பாடினால் சுருதி பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். வேத வசனம் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் மறந்து, புத்தகத்தைத் தேடி, கண்ணாடியைத் தேடுவார். வியாழக்கிழமை தோறும் பெண்கள் கூட்டம் நடத்தினார். இரண்டு வருடம் அந்தக் கூட்டத்துக்கு வந்த ஒரே பெண் நான்தான். அதிலும் பாதி நேரம் தூங்கினேன்.

இந்த நிலையில்தான் என் நாத்தனார் கோகிலா எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். காசநோய். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் புருஷன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புக்கிட் ரம்பாயில் தன் அம்மா வீட்டில் தங்கிவிட்டான். கோகிலா பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். வெள்ளைப் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள். நாலு மாதம் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் அவளுக்கு ஆறுதல் சொன்ன விதத்தைக் கேளுங்கள். வாசற்படியைத் தாண்டமாட்டேன். முந்தானையை மூக்கில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, தட்டைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, அங்கேயே நின்று ஜெபம் பண்ணுவேன். என் ஜெபம் ரொம்ப நீளம். உஜோங் பாசிரில் இருக்கும் சின்ன மாமனார் மகளில் தொடங்கி, செங்கில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் மாமியார் வரைக்கும் பேர் சொல்லிச் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைப்பேன். கோகிலா பேர் வருவதற்குள் அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிடும். ஓடிவிடுவேன். நாலு மாதத்தில் அவள் பேர் நாலைந்து தரம் வந்திருந்தால் அதிகம்.

அன்னம்மாக்கா அப்படி இல்லை. வியாழக்கிழமை வந்தால் நேரே உள்ளே போவார். பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வையை மெல்ல விலக்கி, சிக்குப் பிடித்த முடியைப் பிரித்துத் தலை வாரிப் பின்னிவிடுவார். பேச்சே கிடையாது. முடித்ததும் ஒரு சின்ன ஜெபம், ரெண்டே வரி. கோகிலா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். மற்ற நாளில் என் மாமியார் சீப்பை எடுத்துக்கொண்டு போனால் தலையைக் கொடுக்கவே மாட்டாள். அழுத்தக்காரி என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

மெர்டேக்கா வருடம், மார்ச் மாதம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை அன்னம்மாக்கா ஜலதோஷத்தோடு வந்தார். தொண்டை கட்டி, குரல் காற்றாகத்தான் வந்தது. பின்னறை வாசலில் நின்றே பையிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்துக் காட்டினார்.

“ஞாயித்துக்கெழம பாதிரியாரய்யாகிட்ட குடுக்கப்போறேன் மல்லிகா. வேலைய விட்டுட்டு ஜோகூருக்கு அண்ணன் வீட்டுக்கே போயிடறேன்.”

“ஏன்க்கா?”

“ரெண்டு வருசம் ஆச்சு. ஒரு ஆளு, ‘அன்னம்மா, நாளைக்கி வா’ன்னு சொன்னதில்ல. நீயும் சாரத்துக்குப் பின்னாலேர்ந்து வந்தவதான். எனக்கு இந்த ஊழியத்துக்கு அழைப்பே இல்ல போலிருக்கு.”

நல்ல வார்த்தை ஒன்று சொல்லியிருக்கலாம். விலகி வழிவிட்டு நின்றேன்.

அவர் உள்ளே போய் வழக்கம்போலத் தலை வாரினார். முடிந்ததும் கோகிலா பழையபடி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். ஜெபிக்க வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. என்னைப் பார்த்து, நீ பாடு என்று சைகை காட்டினார்.

எனக்குப் படிக்கத் தெரியாது. பாட்டுப் புத்தகம் கையில் இருந்தும் இல்லாத மாதிரிதான். எனக்கு அடி முதல் நுனி வரை தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்று. பெட்டியை வீட்டிலிருந்து தூக்கும்போது எங்கள் சபையார் பாடுவது. வேறு எதற்கும் அதைப் பாடமாட்டார்கள். ஒரு சாவு வீடு விடாமல் போவேன், கோப்பியும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள், அதனால் பாட்டு மனப்பாடம். அந்த நேரத்தில் எனக்குச் சாவு நினைவு வரவில்லை, பாட்டு மட்டும்தான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன்.

அன்னம்மாக்கா பதறிக் கையை ஆட்டினாராம். நான் எங்கே பார்த்தேன்? எட்டிப் புடவையைப் பிடித்து இழுத்தார். பாட்டு அவரை உருக்கிவிட்டது என்று நினைத்து, இன்னும் ஒரு கட்டை ஏற்றிப் பாடினேன்.

பக்கத்து வீட்டு அஞ்சலை, தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் செட்டி வம்சத்து அம்மா, தமிழ் பேசத் தெரியாதவர், ஆனால் எங்கள் சபையாருக்குப் பக்கத்தில் இருபது வருடம் குடியிருந்தவர். வேலிக்கு மேலே தலையை நீட்டி, “சியாப்பா மாத்தி? சியாப்பா?” என்று மலாயில், யார் செத்தது எனக் கேட்டுக்கொண்டு, கோப்பிக்குச் சீனி டின்னையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்குப் பின்னாலேயே சின்னப்பா மாமா. ரோட்டில் போனவர் பாட்டைக் கேட்டுச் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். அங்கே அவர் பார்த்தது, வெள்ளைப் போர்வைக்குள் கோகிலா, மூக்கைச் சிந்தும் அன்னம்மாக்கா, கண்ணீர் விட்டுப் பாடும் நான்.

“தள்ளு பொண்ணு” என்று என்னையும் சேர்த்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார். அன்னம்மாக்கா குரலில்லாமல் இரண்டு கையையும் ஆட்டினார். “அழாதீங்கம்மா, கர்த்தர் குடுத்தார், கர்த்தர் எடுத்தார்” என்று சொல்லியபடி மாமா மடியிலிருந்து நூலை எடுத்து, தலைமாட்டில் ஒரு முனையை வைத்துக் கால்மாட்டுக்கு இழுத்தார்.

போர்வைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

“இன்னும் கொஞ்சம் நீளமா புடிங்க சித்தப்பா. காலை மடக்கிப் படுக்க முடியாது.”

மாமா நூலை விட்டுவிட்டுச் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டார். சீனி டின் கீழே விழுந்தது. கோகிலா போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். நாலு மாதத்துக்கும் சேர்த்துச் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. எச்சில் டின் என் காலடியில் இருந்தது. வேறு வழியில்லாமல் நான்தான் எடுத்துப் பிடித்தேன், முதுகையும் தடவிக் கொடுத்தேன். பக்தியால் இல்லை, மாமா தள்ளி விட்டதால்.

இருமல் அடங்கியதும் கோகிலா அன்னம்மாக்காவின் கையைப் பிடித்தாள்.

“கடுதாசி எழுதியிருக்கீங்களாமே. வாசல்ல பேசினதைக் கேட்டேன். நீங்க போயிட்டா என் தலைய யாரு வாருவா? அண்ணி வாசல்ல நின்னுக்கிட்டு கம்பால வாருவாங்களா?”

அன்னம்மாக்கா இன்னொரு கையால் கண்ணாடியைத் தேடினார். கோகிலா பிடியை விடவில்லை.

“நீங்க வாரணும்னுதான் மத்த நாள்ல ஒருத்தருக்கும் தலைய குடுக்கறதில்ல. ஏழு நாள் சிக்கோட படுத்திருக்கேன். நாளைக்கி வாங்கக்கா. வியாழன் வரைக்கும் வேணாம். நாளைக்கே வாங்க.” பிறகு என்னைக் காட்டி, “இவங்க மட்டும் பாடக் கூடாது” என்றாள்.

அன்னம்மாக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிக்கு வந்து, கடுதாசியை என் அடுப்பில் போட்டார். நான் வைத்திருந்தது ஈர விறகு. தாள் பாதிதான் எரிந்தது. மீதியை ஊதி ஊதி எரித்தேன். அந்த ஊழியத்துக்கு நான் செய்த உருப்படியான உதவி அது ஒன்றுதான்.

மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். கோகிலா ஒன்றரை வருடம் மாத்திரை சாப்பிட்டுத் தேறி, பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை பஸ் பிடித்துப் பெண்கள் கூட்டத்துக்கு முதல் ஆளாக வருவாள், இரண்டு பேரை இழுத்துக்கொண்டும் வருவாள். அன்னம்மாக்கா இன்னும் இருபத்தெட்டு வருடம் காஜா பெராங்கில் வீடு வீடாக நடந்தார். சுருதி கடைசிவரை சேரவில்லை.

இப்போது அவர் செங்கில், அண்ணன் பேத்தி விஜயா வீட்டில் இருக்கிறார். வயது தொண்ணூற்றொன்று. நடக்க முடியாது, காது கேட்கிறது. அதனால் போகும்போதெல்லாம் நான் பாடுவதில்லை, தலையை மட்டும் வாரிப் பின்னிவிட்டு வருகிறேன்.