ஆனியிலேயே திறந்த வால்வு

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் என் பட்டறையில் வெல்டிங் செய்த வெசல், அதாவது அழுத்தம் தாங்கும் கலன், ஒன்றுகூட இதுவரை கசிந்ததில்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலையை வைத்து எரிபொருள் எடுக்கும் ஆலைக்கு ரியாக்டர் செய்தவனும் நான்தான்.

காற்றாலைக் கரண்டில் தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜன். பக்கத்து அரிசி ஆலையின் பாய்லர் புகையில் பிடிப்பது கார்பன் டை ஆக்சைடு. இரண்டையும் என் ரியாக்டருக்குள் அழுத்திச் சூடாக்கினால் மெத்தனால் சொட்டும்.

ஆலையை நடத்துபவர் ஸ்டெல்லா மேடம். கோயமுத்தூர்க்காரர், பெரிய படிப்பு. ஆடியில் ஓட்டிக் காட்டலாம் என்றார்.

"ஆடியில நான் எதையும் தொடங்கறதில்லீங்க அம்மணி. தையில வெச்சுக்கலாம்."

"தையில காத்து இருக்காதுங்களேண்ணா."

"அதெல்லாம் வருமுங்க. என் வெசல் நல்ல நேரத்துலதான் சூடாகோணும்."

நான் பிடித்தால் பிடித்ததுதான்.

தை முகூர்த்தத்தன்று வாழைமரம் கட்டி, ரியாக்டருக்கு மாலை போட்டு நின்றோம். மெத்தனால் வாங்கப் போகும் கப்பல் கம்பெனி அதிகாரி சென்னையிலிருந்து வந்திருந்தார். அவர் சரி என்றால் ஆலை ஓடும், இல்லையென்றால் பூட்டு. எல்லோரும் காற்றாலையை அண்ணாந்து பார்த்தோம். இறக்கையில் ஒரு காக்காய் வந்து உட்கார்ந்தது.

"ஈபி கரண்டுல ஓட்டிப்போடலாமுங்க."

"ஆகாதுங்கண்ணா. காத்தாலைக் கரண்டுன்னு காட்டினாத்தான் வாங்குவாங்க."

"கரண்டுக்குமா ஜாதகம் பாப்பாங்க?"

"நீங்க வெசலுக்கே பாத்தீங்களேண்ணா."

அதிகாரி எழுந்தார். "ஆடியில வர்றேன். அப்பவும் சுத்தலேன்னா நாங்க வேற இடம் பாத்துக்கறோம்."

ஆடியில் தொடங்கினால் என் சொல் போச்சு. தொடங்காவிட்டால் ஆலை போச்சு. பெரிய படிப்புக்காரர்கள் அத்தனை பேர் இருந்தும் வழி கண்டது நான்தான். பயணம் போகிற நாள் சரியில்லையென்றால், முன்னாலேயே நல்ல நேரம் பார்த்துப் பையை மட்டும் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவோம். பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு.

ஆனி முடிவதற்குள் நல்ல நேரம் பார்த்து, ஸ்பேனரோடு போனேன். ஹைட்ரஜன் வால்வைக் கால் சுற்றுத் திறந்து மூடினேன்.

"ஆலை தொடங்கியாச்சுங்க அம்மணி."

"லைன்ல கேஸே இல்லீங்களேண்ணா."

"பை முன்னால போயிருச்சு. ஆள் மெதுவா வரட்டுமுங்க."

ஆடிக் காற்று பந்தலையே தூக்கிக்கொண்டு போனது. மெத்தனாலும் சொட்டியது. காற்றுப் படாமல் சுவர் மறைவில் ஒரு தட்டில் கொஞ்சம் ஊற்றி, அதிகாரி முன் பற்றவைத்தேன். நல்ல வெயிலில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது.

"என்னங்க, பத்தலையே?" என்று அவர் முகம் சுளித்தார்.

நான் குனிந்து பார்த்தேன். தோளில் கிடந்த துண்டின் நுனி புகைந்து கருகியது. அந்தத் துண்டைப் பார்த்துத்தான் அவர் கையெழுத்துப் போட்டார்.

பட்டறைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வேலையைக் காற்றைப் பார்த்து வையுங்கள். நாளைப் பார்த்து வால்வைக் கால் சுற்று மட்டும் திருகுங்கள்.

இப்போது ஆனி பிறந்தால் ஸ்டெல்லா மேடமே போன் செய்கிறார்.

"அண்ணா, ஸ்பேனர் எடுத்துட்டு வந்துபோட்டுப் போறீங்களா?"