மாற்றுக் கன்சோல்

இது நடந்தது. நடுராத்திரியில் இல்லை, பட்டப்பகலில், சரியாக 3:16 மணிக்கு. நடந்தது என் அக்காவுக்கு. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் தன்னைத் தானே மட்டம் தட்டிக்கொள்கிற பொய்யை அவள் சொல்லவே மாட்டாள். அதனால்தான் நம்புகிறேன்.

அக்காவுக்குப் பொறாமை கொஞ்சம் அதிகம். சின்ன வயதில் எனக்குப் புதுச் செருப்பு வாங்கினால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அந்தக் குணம் அவளோடு வேலைக்கும் போனது.

ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து அனுப்பும் ஒரு கம்பெனியில் அவள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆளுயரத்தில் நான்கு நடுத்தர சர்வர்கள். எதற்கும் சொந்தமாகத் திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை. இந்தப் பக்கம் மேஜையில் ஒரே ஒரு பிசி. அதுதான் நான்குக்கும் கன்சோல். திரையில் நான்கு விண்டோக்கள். எதில் தட்டுகிறோமோ அந்த சர்வர் கேட்கும். ஒரு சர்வர் ஒரு நேரத்தில் ஒரு கன்சோலுக்குத்தான் கட்டுப்படும். ஸ்டோர் ரூமில் ஒரு மாற்றுக் கன்சோல் உண்டு என்று சேர்ந்த புதிதில் சொல்லியிருந்தார்கள். அங்கிருந்து யாராவது கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டால், இங்கே இருப்பவர் வேடிக்கைதான் பார்க்கலாம்.

இந்த ஏற்பாட்டையெல்லாம் செய்தவர், அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர். ஏசிக் குளிருக்கு எப்போதும் மப்ளர் சுற்றியிருப்பாராம். பெயரே மப்ளர் ஆகிவிட்டது. நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். அக்கா சேர்ந்த நாளிலிருந்து ஆபீசில் அவர் புராணம்தான். என்டர் அடிக்கும் முன் மேஜையில் இரண்டு தட்டு தட்டி, அடித்ததை ஒருமுறை படித்துப் பார்ப்பாராம். பதினாறு வருடத்தில் ஒரு பிசகு இல்லையாம். மேனேஜர் இதைச் சொல்லாத நாளே கிடையாது.

செத்துப்போனவர் மேல் பொறாமைப்பட முடியுமா? அக்காவால் முடியும். வயிறு எரிந்தது என்று அவளே சொன்னாள். அவளும்தான் எட்டு மாதமாக ஒரு தப்பும் செய்யவில்லை. எப்போதாவது திரை உறைந்து நிற்கும், தட்டியதெல்லாம் அழிந்துவிடும், மறுபடி தட்டுவாள். கேபிள் லூஸ் என்று விட்டுவிட்டாள். திங்கட்கிழமை அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யப் போகிறார்கள். இந்த நேரத்திலும் மப்ளர் பாட்டுத்தானா?

வியாழக்கிழமை மேனேஜர் சொன்னார்: "மப்ளர் வெச்ச கலரை மட்டும் மாத்திடாதம்மா."

குழம்பாமல் இருக்க அவர் ஒவ்வொரு விண்டோவுக்கும் ஒரு நிறம் வைத்திருந்தார். ஆர்டர் சர்வர் சிவப்பு, கிடங்கு பச்சை, சம்பளம் மஞ்சள், சோதனை சர்வர் நீலம். மேனேஜர் அந்தப் பக்கம் போனதும் அக்கா நான்கையும் கறுப்பாக்கினாள். மனசு குளிர்ந்ததாம்.

ஞாயிறு மதியம். ஆபீசில் அவள் மட்டும். டிஸ்க் மாற்ற வேண்டும் என்பதால் சோதனை சர்வரை அணைக்கச் சொல்லியிருந்தார்கள்.

3:14. அணைக்கும் கட்டளையைத் தட்டினாள். என்டர் மேல் விரலை வைத்தாள்.

டொக்... டொக்.

மேஜையில்தான். கீபோர்டுக்கு மிக அருகில்.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. ஏசி இரைச்சல் மட்டும். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு, பிரமை என்று சொல்லிக்கொண்டு என்டரை அழுத்தினாள். அப்போது 3:16.

ஒன்றும் ஆகவில்லை. திரையில் ஒரு வரி வந்தது. 'கட்டுப்பாடு மாற்றுக் கன்சோலுக்குச் சென்றது. நீங்கள் பார்க்க மட்டுமே முடியும்.'

அப்போதுதான் கவனித்தாள். அவள் தட்டியது சோதனை சர்வரில் இல்லை... ஆர்டர் சர்வரில். ஞாயிறு என்றாலும் ஆஸ்பத்திரிகள் அவசர மருந்து கேட்டுக்கொண்டே இருக்கிற சர்வர்.

கட்டளை அழிய ஆரம்பித்தது. ஒவ்வோர் எழுத்தாக... அவள் இரண்டு கையும் மடியில் இருந்தன.

நான்காவது விண்டோவில் அதே கட்டளை. எழுத்து எழுத்தாக... நிதானமாக.

டொக்... டொக்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான்காவது சர்வரின் விசிறி நின்றது.

முதல் விண்டோ சிவப்பானது.

அடுத்தது பச்சை.

மஞ்சள்...

நீலம்.

3:17.

அக்கா வாசலுக்கு ஓடி, வெயிலில் நின்று மேனேஜருக்குப் போன் செய்தாள். தன் தப்பைச் சொல்லவில்லை. ஸ்டோர் ரூமில் யார் இருக்கிறார்கள், யாரோ மாற்றுக் கன்சோலிலிருந்து கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள்.

அவர் திருப்பிக் கேட்டார்.

"அந்த பிசியா? மப்ளர் செத்த வாரமே அதைக் கழட்டி வித்தாச்சேம்மா."

திங்கட்கிழமை நிரந்தரமாக்கும் கடிதம் வந்தது. 'எட்டு மாதமாக ஒரு பிசகும் இல்லை' என்று அதில் எழுதியிருந்தது. மேனேஜர் கை கொடுத்தார். எல்லோரும் போனபிறகு அக்கா, யார் எப்போது என்ன தட்டினார்கள் என்று சர்வர்கள் குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்து, முதல் நாளிலிருந்து பார்த்தாள். அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். அந்தத் தாளை நானும் பார்த்தேன்.

விற்றுப்போன அந்தக் கன்சோல் எட்டு மாதத்தில் நாற்பத்தொரு முறை கட்டுப்பாட்டை எடுத்திருக்கிறது. ஒவ்வொன்றும் அவள் எதையோ தப்பாகத் தட்டிய நேரம். அவள் கேபிள் லூஸ் என்று நினைத்த நேரம்.

"என் நல்ல பேரு கூட அவரோடதுதான்," என்றாள். பயத்தைவிட எரிச்சல்தான் அந்தக் குரலில் அதிகம் இருந்தது.

நாற்பது முறை, சில நொடிகளில் கட்டுப்பாடு திரும்பி வந்திருக்கிறது. கடைசி முறை, ஞாயிறு 3:16க்கு எடுத்தது, திரும்பி வரவே இல்லை. ஆனால் அக்கா தினமும் அதே நாற்காலியில் உட்கார்ந்து தட்டுகிறாள், நான்கு சர்வர்களும் கேட்கின்றன. அவள் தட்டும் ஒவ்வொரு கட்டளைக்கும் எதிரில், இன்றுவரை, மப்ளரின் பெயர்தான் பதிவாகிறது.